ஊர்ல வீடு இருக்கு... ஓட்டு இருக்கா? ஒரு சாக்கோட்டை குடும்பத்தின் வாட்ஸ்அப் குரூப்பும் வாக்காளர் கைடும்!

தேர்தல் தேதி அறிவிச்ச அன்னிக்கு உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பைக் கவனிச்சிருக்கீங்களா? முதல் மெசேஜ், "பஸ் டிக்கெட் போட்டாச்சா?" ரெண்டாவது, "லீவு கிடைக்கல, தபால்ல ஓட்டுப் போட முடியுமா?" மூணாவதா ஒருத்தர், "இந்த தடவை ஆன்லைன்லயே போடலாமாம்" என்று எங்கிருந்தோ வந்த ஃபார்வர்டைத் தட்டிவிடுவார். கடைசியில் யாராவது ஒருத்தர் பூத் வரைக்கும் போய், "லிஸ்ட்ல உங்க பேரே இல்லையே" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருவார்.

இந்தக் குழப்பம் எந்த ஊருக்கும் பொதுதான். ஆனால், செட்டிநாட்டுப் பக்கம் கொஞ்சம் அதிகம். காரைக்குடியைத் தாண்டி புதுவயல் பக்கம் இருக்கும் சாக்கோட்டையையே எடுத்துக்கோங்க. சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் ரெண்டு வீடாவது பூட்டிக் கிடக்கும். வீட்டு ஆட்கள் சென்னையில், திருப்பூரில், சிங்கப்பூரில், இல்லைன்னா ராணுவத்தில். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கதவு திறக்கும்.

அப்படி ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். ஊரில் 86 வயது அப்பத்தா. சென்னையில் செட்டில் ஆகிவிட்ட பெரியப்பா. ராணுவத்தில் சித்தப்பா. அரசுப் பள்ளியில் டீச்சராக இருக்கும் அத்தை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன். கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும், இப்போதுதான் 18 முடிந்த நீங்கள். ஆறு பேர், ஒரே வீட்டு முகவரி. ஆனால், ஓட்டுப் போடும் வழி ஆளுக்கு ஒன்று!

முதல் கேள்வி: உங்க ஓட்டு எந்த ஊர்ல?

நிறைய பேர் நினைப்பது, "ஊர்ல நமக்குச் சொந்த வீடு இருக்கு, அதனால ஓட்டு அங்கதான்" என்று. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1950-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, நீங்கள் எங்கே 'சாதாரணமாக வசிக்கிறீர்களோ' அங்கேதான் உங்கள் பெயர் இருக்க வேண்டும். ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் அங்கே வசிப்பவராக ஆகிவிட மாட்டார் என்று அதன் 20-வது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. செட்டிநாட்டுக்காகவே எழுதின மாதிரி இருக்கு, இல்லையா?

அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் யாருக்கும் ஊர் ஓட்டு போய்விடாது. மூணு மாசம் திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு, அறுவடைக்கு ஊர் திரும்புகிறவர் கவலைப்பட வேண்டியதில்லை. குடும்பத்தோடு சென்னையில் குடியேறி, அங்கேயே ரேஷன் கார்டு, பிள்ளைகளுக்கு ஸ்கூல் என்று இருக்கும் பெரியப்பா ஓட்டை அங்கே மாற்றிக்கொள்வதுதான் முறை.

"ரெண்டு இடத்துலயும் வெச்சுக்கலாமே?" கூடாது. ஒருவர் பெயர் ஒரு இடத்தில் மட்டும்தான் இருக்கலாம். விண்ணப்பத்தில் தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது.

ஹாஸ்டலில் இருக்கும் உங்களுக்கு மட்டும் ஒரு சலுகை. அப்பா, அம்மா இருக்கும் ஊரிலும் பதியலாம். படிக்கும் ஊரிலும் பதியலாம். ஏதாவது ஒன்றுதான். கல்லூரி இருக்கும் ஊரில் பதிய, நீங்கள் அங்கே தங்கிப் படிப்பதற்குக் கல்லூரி தரும் சான்று உதவும். முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கோங்க: 'தேர்தல் அன்னிக்கு நான் நிஜமா எந்த ஊர்ல இருப்பேன்?'

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் எஸ்ஐஆர் எனப்படும் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கினார்கள். டிசம்பர் 19-ம் தேதி வரைவுப் பட்டியல் வந்தபோது, சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்துபோனவர்கள், இரட்டைப் பதிவு இருந்தவர்கள் எல்லாம் அதில் அடக்கம். ஆனால், மிகப் பெரிய பங்கு 'இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள்' என்ற கணக்கில்தான் வந்தது. பூட்டிய வீட்டுக் கதவு படிவத்தில் கையெழுத்துப் போடாது. அலுவலர் மூணு தடவை வந்தாலும் திறக்க ஆள் இல்லாவிட்டால், அவர் 'இல்லை' என்றுதான் எழுத முடியும்.

அட்டை வேற, ஓட்டு வேற

"என்கிட்டதான் வோட்டர் ஐடி இருக்கே!" என்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிங்க. அட்டை உங்களை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். ஓட்டு உரிமையைத் தருவது பட்டியலில் இருக்கும் பெயர். அட்டை பர்ஸில் பத்திரமாக இருந்தும் பெயர் நீக்கப்பட்டிருக்கலாம். அட்டை தொலைந்தும் பெயர் பட்டியலில் இருக்கலாம். ரெண்டாவது ஆள் ஓட்டுப் போடலாம், முதல் ஆள் போட முடியாது.

பார்ப்பது சுலபம். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ, இசிஐநெட் ஆப்பிலோ 'பட்டியலில் பெயர் தேடு' என்ற பகுதி இருக்கும். அட்டையில் இருக்கும் எண்ணைப் போட்டுத் தேடலாம். பெயர், அப்பா பெயர், வயது, மாவட்டம் கொடுத்துத் தேடலாம். பதிவு செய்த மொபைல் எண்ணை வைத்தும் தேடலாம். ஆன்லைன் வேண்டாம் என்றால் 1950 என்ற எண்ணுக்குப் போன் போடுங்க.

சாக்கோட்டைக்காரர்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ். கும்பகோணம் பக்கத்திலும் ஒரு சாக்கோட்டை இருக்கு! பெயரை வைத்துத் தேடும்போது மாவட்டம் சிவகங்கை, சட்டமன்றத் தொகுதி காரைக்குடி என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுங்க. இல்லைன்னா தஞ்சாவூர் மாவட்டத்தில் உங்கள் பெயரைத் தேடிவிட்டு, "என் ஓட்டைத் தூக்கிட்டாங்க" என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடுவீங்க.

பெயர் வந்ததும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க. பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி மூணும் அதில் இருக்கும். பூத்தில் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தப் போவது இந்த மூணுதான்.

புதுசா சேர்க்கறது எப்படி?

18 வயது முடிந்த இந்தியக் குடிமகன், குடிமகள் யாரும் சேரலாம். 1989 வரைக்கும் இது 21 வயதாக இருந்தது. 61-வது அரசியலமைப்புத் திருத்தம்தான் 18 ஆக்கியது. அதாவது, உங்க அப்பா காலேஜ் படிக்கும்போது அவருக்கே ஓட்டு இல்லாமல் இருந்திருக்கலாம்.

முன்பெல்லாம் ஜனவரி 1-ம் தேதி 18 முடிந்திருந்தால்தான் அந்த வருஷம் சேர முடியும். ஜனவரி 2-ம் தேதி பிறந்தவர்கள் ஒரு வருஷம் முழுக்கக் காத்திருந்தார்கள். 2022-லிருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என வருஷத்துக்கு நாலு தகுதி நாள்கள். மார்ச்சில் உங்களுக்கு 18 முடிந்தால், ஏப்ரல் 1 கணக்கில் சேர்ந்துவிடலாம். 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பித்தும் வைக்கலாம்.

தேவைப்படும் படிவங்கள் இவ்வளவுதான்:

* படிவம் 6: முதன்முறை பெயர் சேர்க்க. உங்களுக்கானது.
* படிவம் 6ஏ: வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கு. அண்ணனுக்கானது.
* படிவம் 7: இறந்தவர் பெயரை நீக்கவும், ஒரு பெயரை ஆட்சேபிக்கவும்.
* படிவம் 8: முகவரி மாற்றம், எழுத்துப் பிழைத் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை எல்லாவற்றுக்கும். பெரியப்பாவுக்கானது.

நிறைய பேர் செய்யும் தப்பு, சென்னைக்கு மாறியதும் அங்கே புதிதாகப் படிவம் 6 போடுவது. அப்படிச் செய்தால் ஊரில் ஒரு பெயர், சென்னையில் ஒரு பெயர் என்று இரட்டைப் பதிவாகிவிடும். ஏற்கெனவே எங்காவது ஓட்டு இருந்தால் படிவம் 8 மட்டும்தான். அது பழைய இடத்தில் எடுத்து, புதிய இடத்தில் சேர்த்துவிடும்.

படிவம் 6-க்கு ஒரு போட்டோ, வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று வேண்டும். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், பான், டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட் என ஏதாவது ஒன்று. முகவரிக்கு ஆதார், பேங்க் பாஸ்புக், கரன்ட் பில், கேஸ் பில் போன்றவை. "கரன்ட் பில் அப்பா பேர்லல்ல இருக்கு?" பரவாயில்லை, பெற்றோர் பெயரில் இருந்தாலும் ஏற்பாங்க. எஸ்ஐஆர் நேரத்தில் கூடவே ஓர் உறுதிமொழிப் படிவமும் கேட்டார்கள்; விண்ணப்பிக்கும்போது அப்படி ஏதாவது கேட்டால் அதை நிரப்பாமல் தாண்டாதீங்க.

அனுப்பியதும் ஒரு ரெஃபரன்ஸ் எண் வரும். அதைக் குறித்து வையுங்க. அடுத்து உங்கள் ஏரியாவின் வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ, விசாரிக்க வருவார். பெரும்பாலும் உள்ளூர் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். விண்ணப்பத்தில் போன் எண்ணைச் சரியாகக் கொடுங்க; வீட்டில் யாராவது ஒருவரிடம், "பி.எல்.ஓ வந்தா எனக்குப் போன் பண்ணுங்க" என்று சொல்லி வையுங்க. பாதி விண்ணப்பம் தேங்குவது இந்த இடத்தில்தான்.

விண்ணப்பத்தை நிராகரித்தால் அதோடு முடிந்துவிடவில்லை. 15 நாள்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் கிடைக்காவிட்டால், 30 நாள்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

கடைசி நேரம் எது? வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் பூட்டப்பட்டுவிடும். விசாரணைக்கும் நாள் தேவை என்பதால், அதற்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஓட்டுப் போடும் நாளுக்கு முந்தின வாரம் ஓடினால் பிரயோஜனம் இல்லை.

தபால் ஓட்டு யாருக்கு உண்டு?

குரூப்பின் முக்கியமான கேள்விக்கு வருவோம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விருப்பப்பட்டவர்கள் தபாலில் ஓட்டுப் போடுவதைப் பார்த்துவிட்டு, இங்கேயும் முடியும் என்று நினைக்கிறோம். இந்தியாவில் 'வெளியூரில் வேலை, லீவு இல்லை' என்பது தபால் ஓட்டுக்குக் காரணம் ஆகாது. ஆன்லைன் ஓட்டு என்பது நம் தேர்தலில் இல்லவே இல்லை. அந்த ஃபார்வர்டை டெலிட் பண்ணிடுங்க.

சட்டம் சில பேருக்கு மட்டும் தபால் ஓட்டைத் தந்திருக்கிறது. நம் குடும்பத்தில் மூணு பேர் அதில் வருகிறார்கள்.

அப்பத்தா: 85 வயது தாண்டியவர்களும், 40 சதவிகிதத்துக்கு மேல் ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் இது 80 வயதாக இருந்தது. 2024 மார்ச்சில் 85 ஆக உயர்த்தினார்கள். இதற்கு 12டி என்ற படிவம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாள்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். பி.எல்.ஓ வீட்டுக்கே வந்து தருவார். பிறகு ஒரு நாள் ரெண்டு அலுவலர்கள், ஒரு போலீஸ், ஒரு வீடியோகிராபர் என்று ஒரு குழுவே வீட்டுக்கு வரும். மறைவாக உட்கார்ந்து ஓட்டுப் போட்டு, கவரை ஒட்டிக் கொடுக்க வேண்டியதுதான்.

ரெண்டு விஷயம் கவனம். 12டி கொடுத்து அனுமதி வந்துவிட்டால், அப்புறம் மனசு மாறி பூத்துக்குப் போக முடியாது. முதல் தடவை வரும்போது ஆள் இல்லாவிட்டால் இன்னொரு தடவை வருவாங்க, அவ்வளவுதான். எனவே, அந்த வாரம் அப்பத்தா, "மதுரையில மக வீட்டுக்குப் போய்ட்டு வர்றேன்" என்று கிளம்பாமல் பார்த்துக்கோங்க. "நான் நடந்தே வந்து போடுறேன்டா" என்று சொல்லும் அப்பத்தாவா? 12டி கொடுக்கவே வேண்டாம். இது விருப்பம்தான், கட்டாயமில்லை.

சித்தப்பா: ராணுவம், துணை ராணுவப் படைகள், வெளிநாட்டில் பணியாற்றும் அரசு ஊழியர்கள் எல்லாம் 'சர்வீஸ் வாக்காளர்கள்'. எந்த எல்லையில் இருந்தாலும் சொந்த ஊரிலேயே பெயர் இருக்கும். வாக்குச்சீட்டு மின்னணு முறையில் அவருக்குப் போகும். பாஸ்வேர்டு போட்டு டவுன்லோடு செய்து, பிரின்ட் எடுத்து, ஓட்டைக் குறித்து, தபாலில் திருப்பி அனுப்புவார். போவது ஆன்லைன், வருவது தபால்! எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்குள் வந்து சேர்ந்தால்தான் கணக்கு. அவரோடு தங்கியிருக்கும் சித்திக்கும் இந்த வசதி உண்டு. ராணுவத்தினர் விரும்பினால் தனக்குப் பதிலாக ஊரில் ஒருவரை ஓட்டுப் போட நியமிக்கலாம். அப்படிப் போடுகிறவருக்கு இடது கை நடுவிரலில் மை வைப்பார்கள்.

அத்தை: தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர், போலீஸ், டிரைவர் எல்லாரும் படிவம் 12 கொடுத்துத் தபால் ஓட்டு வாங்கலாம். 2023-ல் விதி மாறியதிலிருந்து வாக்குச்சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. பயிற்சி நடக்கும் இடத்தில் அமைக்கும் வசதி மையத்திலேயே போட்டுவிட வேண்டும்.

மின்சாரம், ரயில் போன்ற அத்தியாவசியத் துறைகளில் அன்று டியூட்டியில் இருப்பவர்களாகத் தேர்தல் ஆணையம் அறிவிக்கும் பிரிவினருக்கும், தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்கும் தபால் ஓட்டு உண்டு. மற்றவர்கள் எல்லாரும் பூத்துக்குத்தான் போக வேண்டும்.

49 ஓட்டும் 203 கவரும்

"ஒரு கையெழுத்து விட்டுப்போனா என்ன ஆகிடப் போகுது?" என்று அத்தை அலட்சியமாக இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்க. 2016 சட்டமன்றத் தேர்தலில் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரத்தில் அ.தி.மு.க-வின் இன்பதுரை, தி.மு.க-வின் அப்பாவுவை 49 ஓட்டு வித்தியாசத்தில் வென்றதாக அறிவித்தார்கள். அங்கே 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியிருந்தார்கள். தபால் ஓட்டோடு வைக்கும் உறுதிமொழிப் படிவத்தில் ஓர் அதிகாரி சான்றொப்பம் போட வேண்டும். இந்த 203-லும் தலைமை ஆசிரியர்கள் போட்டிருந்தார்கள், அவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்பது காரணம்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. தலைமை ஆசிரியரின் சான்றொப்பம் செல்லும் என்று சொல்லி, மறுபடி எண்ணச் சொன்னது நீதிமன்றம். அது நடந்தது 2019 அக்டோபரில்! எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் 2021 தேர்தலே வந்துவிட்டது. ஓட்டுப் போட்ட 203 பேரும் தேர்தல் பணிக்குப் போன, படித்த மனிதர்கள்தான். அவர்கள் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதைவிட, கூட வைத்த காகிதம்தான் அஞ்சு வருஷமும் பேசப்பட்டது.

தபால் ஓட்டுப் போடுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது: வாக்குச்சீட்டு சின்னக் கவருக்குள், உறுதிமொழிப் படிவம் தனியாக, ரெண்டும் பெரிய கவருக்குள். கையெழுத்து, சான்றொப்பம், வாக்குச்சீட்டின் எண் மூணையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு ஒட்டுங்க.

சிங்கப்பூர் அண்ணனுக்கு என்ன வழி?

வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காமல், இந்திய பாஸ்போர்ட்டோடு இருக்கும் வரை அண்ணனுக்கு ஓட்டு உண்டு. படிவம் 6ஏ-வை ஆன்லைனில் நிரப்பலாம். பாஸ்போர்ட்டில் எந்த இந்திய முகவரி இருக்கிறதோ, அந்தத் தொகுதியில்தான் பெயர் சேரும். இங்கே 'சாதாரணமாக வசிப்பது' என்ற கேள்வியே எழாது. பூட்டிய வீடு என்றாலும் பிரச்னை இல்லை.

ஆனால், ஓட்டுப் போட நேரில் வர வேண்டும். அசல் பாஸ்போர்ட்டை பூத்தில் காட்ட வேண்டும். அவருக்கு வோட்டர் ஐடி அட்டை தர மாட்டார்கள். வெளிநாட்டு இந்தியர்களுக்கும் தபால் ஓட்டுத் தரலாம் என்று 2020-ல் தேர்தல் ஆணையமே மத்திய அரசுக்கு எழுதியது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டு ஓ.சி.ஐ கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது.

பூத்துக்குள்ள என்ன நடக்கும்?

முதல் தடவை போகிறவர்களுக்குக் கொஞ்சம் படபடப்பு இருக்கும். பயப்பட ஒன்றுமே இல்லை.

லீவு பற்றி முதலில். ஓட்டுப் பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தருவது கம்பெனியின் பெருந்தன்மை கிடையாது, சட்டம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 135பி பிரிவு, தினக்கூலிக்காரர்களுக்கும் அந்த உரிமையைத் தருகிறது. ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் இழப்போ நேரும் வேலைகளுக்கு மட்டும் விலக்கு.

கையில் வோட்டர் ஐடி வேண்டும். இல்லைன்னா ஆதார், பான், டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய பேங்க் அல்லது போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை போன்ற மாற்று ஆவணங்களில் ஒன்றின் அசல். ரேஷன் கார்டும் காலேஜ் ஐடியும் அந்தப் பட்டியலில் கிடையாது. வீட்டுக்கு வரும் பூத் சிலிப்பை மட்டும் வைத்தும் ஓட்டுப் போட முடியாது. டிஜிட்டல் வோட்டர் ஐடி வைத்திருப்பவர்கள் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்க, ஏன்னா போனை உள்ளே கொண்டுபோக விட மாட்டாங்க.

உள்ளே மூணு அலுவலர்கள். முதல்வர் உங்கள் பெயரைப் பட்டியலில் பார்த்துச் சத்தமாகப் படிப்பார். கட்சி ஏஜென்ட்டுகள் கேட்டு டிக் அடிக்கத்தான் அந்தச் சத்தம். இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு துண்டுச் சீட்டு தருவார். மூன்றாமவர் அதை வாங்கிக்கொண்டு மெஷினைத் தயார் செய்வார். மறைவுக்குள் போய், விரும்பும் பெயருக்கு எதிரே இருக்கும் நீல பட்டனை அழுத்துங்க. சிவப்பு விளக்கு எரியும். பக்கத்தில் இருக்கும் விவிபேட் கண்ணாடியில் நீங்கள் போட்ட சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி தெரியும். 'பீப்' சத்தம் கேட்டால் முடிந்தது. யாரையும் பிடிக்காவிட்டால் கடைசி பட்டன் நோட்டா, 2013-லிருந்து இருக்கிறது.

நேரம் முடியும்போது நீங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தால் டோக்கன் தந்துவிடுவார்கள். இருட்டினாலும் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் அனுப்புவார்கள். பாதியில் கிளம்பாதீங்க. மறைவுக்குள் போட்டோ எடுப்பது ரகசிய வாக்குப்பதிவை மீறும் குற்றம். மை வைத்த விரலோடு செல்ஃபி எல்லாம் வெளியே வந்து, வாசலைத் தாண்டி எடுத்துக்கலாம்!

'சர்கார்' படத்துல வந்த 49பி உண்மையா?

உண்மைதான். உங்கள் ஓட்டை யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால், திரும்பி வரத் தேவையில்லை. நீங்கள்தான் அசல் ஆள் என்று நிரூபித்தால், தேர்தல் நடத்தை விதி 49பி-யின் படி உங்களுக்குக் காகித வாக்குச்சீட்டு தர வேண்டும். இது 'டெண்டர் ஓட்டு'. ஆனால், படம் பார்த்துவிட்டுப் பலரும் நினைப்பது போல, அது மற்ற ஓட்டுகளோடு சேர்த்து எண்ணப்படாது. தனியாக சீல் வைத்து வைப்பார்கள். வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் அதைக் கையில் எடுக்கும். பெயரே பட்டியலில் இல்லாதவருக்கு இந்த 49பி உதவாது.

ஊராட்சி ஓட்டுக்கும் இதே பட்டியல்தான்

"எம்.எல்.ஏ எலெக்‌ஷன்தானே, நான் ஒருத்தன் போடலைன்னா என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். ஊராட்சித் தேர்தலுக்கும் சட்டமன்ற வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் வார்டு வாரியாகப் பட்டியல் போடுகிறார்கள். அங்கே பெயர் போனால் இங்கேயும் போச்சு. கிராமத்தில் ஒரே நாளில் வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர் என நாலு ஓட்டு. தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, கண்மாய் கரை எல்லாம் அந்த நாலு ஓட்டில்தான் இருக்கு.

2019 டிசம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில், இதே சாக்கோட்டை ஒன்றியத்தின் சங்கராபுரம் ஊராட்சியில் நடந்தது தமிழ்நாடு முழுக்கப் பேச்சானது. 2020 ஜனவரியில் ஓட்டு எண்ணியபோது தலைவர் பதவிக்கு முதலில் ஒருவர் வென்றதாகச் சான்றிதழ் கொடுத்தார்கள். அப்புறம் மறுபடி எண்ணி, இன்னொருவர் வென்றதாக அவருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். ஒரே நாற்காலி, ரெண்டு தலைவர்கள்! விஷயம் நீதிமன்றம் வரை போனது. ஓர் ஊராட்சியில் வெற்றி தோல்வி எவ்வளவு நெருக்கத்தில் நிற்கும் என்பதைச் சாக்கோட்டைக்காரர்களுக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்பவே ஒரு அஞ்சு நிமிஷம்...

தேர்தல் அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இன்னிக்கே செய்யலாம்.

* உங்கள் பெயரையும், வீட்டில் ஆப் பயன்படுத்தத் தெரியாத பெரியவர்கள் பெயரையும் தேடிப் பாருங்க.
* 18 முடிந்தும் பெயர் இல்லையா? படிவம் 6. ஊர் மாறிட்டீங்களா? படிவம் 8.
* வெளிநாட்டில் இருப்பவருக்கு 6ஏ லிங்க்கை அனுப்புங்க.
* அப்பத்தாவிடம், "வீட்லயே போடுறீங்களா, பூத்துக்கு வர்றீங்களா?" என்று இப்பவே கேட்டு வையுங்க.
* உங்கள் பி.எல்.ஓ-வின் பெயரையும் எண்ணையும் அதே இணையதளத்தில் எடுத்து, போனில் சேமித்து வையுங்க.
* பூட்டியிருக்கும் வீடு என்றால், பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்கள் நம்பரைக் கொடுத்து வையுங்க.

அப்புறம் அந்த ஃபேமிலி குரூப்பில், பாகம் எண், வரிசை எண்ணோடு எல்லாருடைய ஸ்கிரீன்ஷாட்டையும் போட்டு, மேலே பின் செய்துவிடுங்க. தேர்தல் தேதி அறிவித்ததும் முதல் ஆளாக வந்து, "தபால்ல போட முடியுமா?" என்று கேட்கும் பெரியப்பாவுக்கு நீங்களே பதில் சொல்லிடலாம்: "முடியாது பெரியப்பா. ஆனா, உங்க ஓட்டு இப்போ சென்னையிலயே இருக்கு. நடந்து போற தூரம்தான்!"